பலகையில் எழுதாமல் விட்ட வரி

போன மாதம் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். இருவருக்கும் முப்பதுக்குள்தான் வயதிருக்கும். இடையஞ்சாவடி பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிறார்களாம். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று உப்பளத்து வேலையாட்கள் போனைப் பார்த்தே தெரிந்துகொள்ள ஒரு ஆப் செய்கிறார்களாம். "இத்தனை வருஷம் உப்புத் தண்ணி பார்த்தவர் நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்க சார், நாங்க அதை அப்படியே உள்ள போட்டுடுறோம்" என்றார் அந்தப் பெண். காலை முழுக்கச் சொன்னேன். அவர் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "எல்லாம் சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அதுவரை கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் அவர் லேப்டாப்பை மூட விடாமல் கையைக் காட்டினேன்.

"தெரியாதும்மா. இன்னா விட்டேன்னு விட்டவனுக்கே தெரியாது. நான் சொன்னத நம்பாதீங்க" என்றேன்.

அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். அடக்கத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊருக்கே தெரியும். ஏன் நம்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. கடையில் பால் பாக்கெட் வாங்கினால் முகர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டேன். பஸ்ஸில் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "கல்யாண வீட்டுப் பாயசத்துல கூட உங்களுக்கு டிகிரி பார்க்கணும்" என்பாள் என் மனைவி. ஆனால் மரக்காணம் உப்பளத்தில் அந்தக் குணத்துக்குத்தான் மதிப்பு. வரப்பில் நண்டு வளை போட்டு ஒழுக்கிவிடும். பக்கத்து அளத்துக்காரர் எங்கள் மடை சரியாக மூடாதபடி துணியைச் சொருகி வைத்திருப்பார். வானம் காலையில் ஒன்று சொல்லும், மத்தியானம் ஒன்று செய்யும். யாரையும் எதையும் நம்பாதவன்தான் அங்கே தண்ணீர் மேஸ்திரியாக இருக்க முடியும்.

மேஸ்திரி வேலை இதுதான். கடலோரத்துக் கழுவெளி ஏரியிலிருந்து ஏற்றும் உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் முறுகவிடுவோம். எவ்வளவு முறுகியிருக்கிறது என்பதை டிகிரியில் சொல்வோம். அதை அளக்க அடியில் ஈயக்குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. தண்ணீரை டப்பாவில் மொண்டு, நீளக் குவளையில் ஊற்றி, குழலை அதில் மிதக்கவிட்டால், எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் டிகிரி. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வந்தால் உப்பு விளையும் பாத்திக்கு மாற்ற வேண்டும். முந்தினால் உப்பு இறங்காது. பிந்தினால் வழியிலேயே இறங்கி வீணாகும்.

பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தேன். எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி வாய் திறக்காத மனிதர். குவளையைக் கொடு, குழலைத் துடை, தள்ளி நில். நான்கு வருடத்தில் இவ்வளவுதான் பேசினார். அவர் கை போன வழியில் என் கையும் போயிற்று. அவர் வேலையை விட்டு நின்றபோது நான் மேஸ்திரியானேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு முதலாளி கழுவெளியின் மறுபக்கம் இன்னொரு உப்பளத்தை எடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மேஸ்திரி, நான்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி நிற்பது? மேனேஜர் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலையாட்கள் எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனாலேயே அவர் எதிரில் நின்றால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. யார் என்ன புகார் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" நினைத்தேன் என்றால் புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நீங்க இல்லாத நாள்ல இங்க இருக்குற ஆளே டிகிரி பார்த்து மடை திறக்கணும். படிக்கத் தெரிஞ்சா போதும், வேற எதுவும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு ஒரு பலகை எழுதுங்க" என்றார்.

எழுதினேன். தகரப் பலகையில் நீல பெயின்ட். மொத்தம் ஏழு வரி. முதல் வரி: டப்பாவில் தண்ணீர் மொண்டு குவளையில் ஊற்றவும். கடைசி வரி: மழைக்குப் பிறகு பதினைந்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அடிமடையைத் திறந்து கழிவு வாய்க்காலில் விடவும். ஏழே வரியில் என் தொழில் முழுவதையும் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு தரம் தள்ளி நின்று பார்த்தேன்.

பலகையைப் பார்த்து வேலை செய்ய மேனேஜர் தேர்ந்தெடுத்தது அஞ்சலையை. நாற்பது வயதுக்காரி, எட்டாவது வரை படித்தவள், உப்பு வாருவதிலும் சுமப்பதிலும் பதினைந்து வருடம் பழகியவள். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. காரணம் அவளுடைய கொழுந்தன். அவர் பக்கத்து அளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஓட்டுகிறவர். எங்கள் கழிவு வாய்க்கால் அந்த அளத்து ஓரமாகத்தான் போகிறது. நாங்கள் திறந்துவிடும் தண்ணீரை அவர்கள் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டால் கேட்க முடியாது.

ஒரு வெயில் நாளில், காலை டிபன் நேரத்துக்குள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்தேன். அடுத்த இரண்டு மாதம் அவள் எழுதி வைத்த டிகிரியை எல்லாம் அவளுக்குத் தெரியாமல் நானும் அளந்து பார்த்தேன். அவள் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தால் எனக்கும் இருபத்திரண்டு வரும். ஒரு கோடு கூட முன்னே பின்னே இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் இன்னும் உஷாரானேன்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் கோடை மழை பெய்தது. பெரிய மழை இல்லை, அரை மணி நேரம்தான் இருக்கும். நான் மறுபக்கத்து அளத்தில் இருந்தேன். மறுநாள் காலை திரும்பி வந்தால் மூன்று பாத்தி காலி. நோட்டில் அஞ்சலையின் கையெழுத்தில் பன்னிரண்டு, பதினொன்று, பதிமூன்று என்று இருந்தது. முந்தின நாள் காலை அந்த மூன்றிலும் இருபத்துமூன்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அரை மணி நேர மழைக்கு இருபத்துமூன்று பன்னிரண்டாக இறங்கவே இறங்காது. இது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கடற்கரையில் வேறு யாருக்கும் தெரியாது. வாய்க்காலில் போய்ப் பார்த்தேன். கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நல்ல முறுகிய தண்ணீர் போன தடம். பக்கத்து அளத்துப் பாத்தி நிறைந்திருந்தது.

எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. இரண்டு மாதம் ஒழுங்காக எழுதி என்னை நம்பவைத்துவிட்டு, மழை வந்ததும் பொய் டிகிரி எழுதிக் கொழுந்தன் பக்கம் திறந்துவிட்டிருக்கிறாள். அவள் சரியாக எழுதிய ஒவ்வொரு நாளும் எனக்கு அவளுக்கு எதிரான சாட்சியாகவே பட்டது.

மேனேஜர் வரும்வரை கூட நான் காத்திருக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் சொன்னேன்: "நம்ம தண்ணிய அடுத்தவன் அளத்துக்குத் திறந்துவுட்ட திருடி நம்ம கூடவே நிக்கிறா. கொழுந்தனுக்குச் சீர் செஞ்சிருக்கா, பாருங்க."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "பலகையில இன்னா இருக்குதோ அதத்தான் மேஸ்திரி செஞ்சேன். பன்னெண்டுதான் இருந்துச்சு."

"எனக்கே டிகிரி சொல்றியா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்கு நடந்தாள். அந்த நடையையும் நான் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதிய தாளை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். "அவங்க பொய்யா எழுதினதை பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைக்கிறதுக்கு இன்னா சார் இருக்குது? அரை மணி மழைக்கு..."

"பார்க்கல. அப்ப நான் கையெழுத்து போட மாட்டேன். இன்னொரு மழை வரட்டும். அதுவரைக்கும் அவங்க வீட்ல இருக்கட்டும்."

உப்பளத்தில் மழை வரட்டும் என்று சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன். பன்னிரண்டு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் சொன்ன சொல் எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பக்கத்து அளத்து முதலாளி தன் பேருக்குக் களங்கம் வரக் கூடாது என்று இன்ஜின் ஓட்டுகிற கொழுந்தனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். எனக்கு அது காதில் விழுந்தபோது, நெருப்பில்லாமல் புகையுமா என்றுதான் தோன்றியது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மழை. அதே போல அரை மணி நேரம். நின்றதும் மேனேஜர் வண்டி அனுப்பி அஞ்சலையை வரவழைத்தார். மூன்று பேரும் வரப்பில் நின்றோம். பாத்தியில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

"மேஸ்திரி, நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. ஒவ்வொண்ணா வாயால சொல்லுங்க. அவங்க செய்யட்டும். நீங்க சொல்லாத எதையும் அவங்க செய்ய வேணாம்" என்றார்.

சொன்னேன். டப்பாவில் மொள்ளு. மொண்டாள். குவளையில் ஊற்று. ஊற்றினாள். குழலை விடு. ஆடி அடங்கட்டும். கண்ணைக் கோட்டுக்கு நேராக வை. எல்லாம் நான் சொன்னபடியே செய்தாள். மேனேஜர் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு.

டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கி, அவள் நின்ற அதே இடத்தில் இறங்கி நானே மொண்டேன். இருபத்திரண்டு.

"பார்த்தீங்களா சார்! கைய மாத்துறா. ஏதோ பண்றா!" என்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதே பாத்தி, அதே டப்பா, அதே குவளை. அவள் என்னதான் பண்ணிவிட முடியும்? ஆனால் என் கை தப்பு செய்யும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

மேனேஜர் போனை எடுத்தார். "இன்னொரு தரம் நீங்க மொள்ளுங்க" என்று வீடியோ எடுத்தார். அப்புறம் அவள் மொள்ளுவதையும் எடுத்தார். வரப்பில் உட்கார்ந்து இரண்டையும் மெதுவாக ஓடவிட்டு எங்களிடம் காட்டினார்.

அஞ்சலை எல்லோரும் மொள்ளுவது போலத்தான் மொண்டாள். டப்பாவைச் சாய்த்து, மேல் தண்ணீரில் விட்டு, நிறைந்ததும் தூக்கினாள். என் கை அப்படிச் செய்யவில்லை. டப்பாவை முதலில் கவிழ்த்தது. வாய் கீழே இருக்கும்படி நேராகத் தரைவரை அழுத்தியது. தரையில் முட்டிய பிறகு அங்கேயே திருப்பி, அடித்தண்ணீரை நிரப்பிக்கொண்டு மேலே வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இது எப்ப பண்ணேன்?" என்று கேட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. ஜேப்படிக்காரன் கையைப் பார்ப்பது போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைத் தண்ணீர் கனம் குறைந்தது. அது முறுகிய தண்ணீரோடு உடனே கலக்காது, மேலே ஏடு மாதிரி நிற்கும். மேலே மொண்டால் பன்னிரண்டு. அடியில் மொண்டால் இருபத்திரண்டு. அடிமடையைத் திறந்தால் முதலில் போவது அடியில் இருக்கும் நல்ல தண்ணீர். இது எனக்குத் தெரியாதா? எழுபது முறை சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். ஆனால் பலகை எழுதும்போது தோன்றவில்லை. தண்ணீர் மொள்ளவா ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்? 'மொண்டு' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் வெயில் நாள். அன்று மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும் ஒரே டிகிரிதான். இரண்டு மாதம் ஒளிந்து அளந்த நான், அவள் எழுதிய எண்ணைத்தான் சோதித்தேன். அவள் மொள்ளுவதை நின்று பார்க்கவில்லை. எனக்கும் இதை யாரும் வாயால் சொன்னதில்லை. அந்தப் பழைய மேஸ்திரியின் கையிலிருந்து என் கைக்கு வந்தது. வாய் வழியாக வராதது வாய் வழியாகப் போகவும் இல்லை.

மேனேஜர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒரு வரி சேர்த்து எழுதிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

புதுப் பலகை அப்புறம் வந்தது. அதை எழுதியது நான் இல்லை, அஞ்சலைதான் எழுதினாள். டப்பாவின் அடிப்பக்கத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தாள். 'சிவப்பு மேலே தெரியும்படி இறக்கவும். தரையில் முட்டியதும் திருப்பவும்.' அதற்குப் பிறகு நேற்று வேலைக்கு வந்தவர் கூடத் தப்பாக மொண்டதில்லை. எனக்கு அப்படி ஒரு யோசனை நூறு வருடம் உட்கார்ந்தாலும் வந்திருக்காது. அது வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும், எழுதத்தான் கை வரவில்லை.

வீடியோ பார்த்த அன்று அஞ்சலை டப்பாவை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். "தெரியாம நடந்துபோச்சு அஞ்சலை. மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றேன்.

அவள் உட்காரச் சொல்லவில்லை. "நாப்பது பேருக்கு நடுவுல சொன்னீங்க. இப்ப யாரும் இல்லாதப்ப வூட்டாண்ட வந்து திருப்பி வாங்கிக்கிறீங்களா மேஸ்திரி?"

சரி, அங்கேயே சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். மறுநாள் காலை அவள் வந்து வரிசையில் நின்றாள். நான் முன்னால் போய் நின்றேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியம் அந்த இடத்தில் வேறு மாதிரி வந்தது. "பலகையில ஒரு தப்பு இருந்துச்சு. அதனாலதான் தண்ணி போயிடுச்சு. அஞ்சலை மேல தப்பு இல்ல" என்றேன். கௌரவமாகச் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்தேன்.

"பலகை என்னைத் திருடின்னு சொல்லலியே மேஸ்திரி" என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்தே.

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் எல்லோரையும் வேலைக்கு அனுப்பக் கையைத் தூக்கினார். "கொஞ்சம் இருங்க சார்" என்றேன். "அஞ்சலை திருடல. திருடின்னு சொன்னது நான். பலகைய தப்பா எழுதினதும் நான். அது தப்பா இருக்கும்னு எனக்கு ஒரு நிமிஷம் கூட தோணல. அவளைச் சொல்லத்தான் தோணுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கூடையை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, "இத எங்க கொழுந்தனாண்டயும் போய் சொல்லிட்டு வாங்க. உங்களாலதான் வேலை போச்சுன்னு என் மூஞ்சியிலயும் எங்க வூட்டுக்காரர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்றாரு" என்றாள்.

அன்றைக்கே போனேன். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே சுவர். அவர் வாசலில் நின்றுகொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முடித்ததும் கேட்டார்:

"இத்தினி வருஷம் தண்ணி பார்த்த ஆளு சொன்னாருன்னுதான் எங்க மொதலாளி நம்பினாரு, ஊரும் நம்புச்சு. இப்ப இல்லன்றீங்க. எத நம்பறது?"

அவருடைய முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். அதற்குள் இன்ஜினுக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். கொழுந்தன் இப்போது வெளியூரில் வேலை செய்கிறார். பண்டிகைக்கு வந்தால் தன் வீட்டோடு இருந்துவிட்டுப் போகிறார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அஞ்சலை வீட்டில் இன்னும் அவர் கால் வைக்கவில்லை.